சுனாமி என்று ஒரு காதல் பாட்டு

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தங்கமணி உள்ளே வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டாள்.

முதல் இரண்டு விநாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். "நிறுத்தும்மா அதை!"

மகள் விழித்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏன்ப்பா, நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

மகளுக்கும் ஒன்றும் புரியவில்லை. "அப்பா, இது லவ் சாங்குப்பா. எங்க ஜாப்பனீஸ் கிளாஸ்ல ஒரு அக்கா குடுத்தாங்க." (அனிமே பார்த்துப் பார்த்து ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை, தெருவுக்குத் தெரு வகுப்பு உண்டு.)

அவள் சொன்னது சரிதான், அது காதல் பாட்டுதான். ஆனால் அதன் பெயர் 'சுனாமி'.

நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

ஆனாலும் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். அன்றைக்கு நான் செய்தது சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதற்குக் கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றணும். பொறுமையாகப் படிங்க மக்களே.

முதலில் பாட்டைப் பாடியவர்கள். 'சதர்ன் ஆல் ஸ்டார்ஸ்' என்று ஒரு ஜப்பானிய ராக் குழு. 1978 ஜூன் 25-இல் முதல் இசைத்தட்டு. டோக்கியோவின் அயோமா காகுயின் பல்கலைக்கழகத்தில் படித்த பசங்க கூடி ஆரம்பித்தது. பாடுகிறவரும் பெரும்பாலான பாட்டுகளை எழுதி மெட்டமைக்கிறவரும் கெய்சுகே குவாத்தா. கீபோர்டு வாசிக்கும் யூகோ ஹாரா பிறகு அவர் மனைவியானார். நடுவில் ஒருத்தர் விலகினார், சில வருஷம் குழுவுக்கே ஓய்வு கொடுத்தார்கள், திரும்பவும் வந்தார்கள். 2025 மார்ச்சில்கூட புது ஆல்பம் போட்டார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு! ஜப்பானில் அப்பா, மகன், பேரன் என்று மூணு தலைமுறைக்கும் இவர்கள் பாட்டு தெரியும்.

அந்த முதல் பாட்டின் தலைப்பே கூத்து. அதற்கு முந்தின வருஷம் ஓடிய இரண்டு ஹிட் பாட்டுகளின் தலைப்புகளைப் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டியது. நம்ம மொழியில் சொன்னால் 'இஷ்டத்துக்கு சிந்துபாத்' என்று வரும். (கன்னித்தீவு சிந்துபாத் இல்லீங்க. அவர் இன்னும் கரை சேரவில்லை.) குவாத்தா அந்தப் பாட்டை வேக வேகமாக, வார்த்தைகளைக் கடித்து மென்று பாடுவார். ஜப்பானியமா இங்கிலீஷா என்று அந்த ஊர்க்காரர்களே குழம்பினார்களாம். டிவியில் நீங்கள் கலைஞர்களா என்று கேட்டதற்கு, எல்லார் கண்ணிலும் பட ஆசைப்படும் கூத்தாடிகள் என்கிற மாதிரி பதில் சொன்னவர். கோமாளிக் கூட்டம், ஒரு வருஷம் ஓடும் என்று நினைத்தவர்கள் நிறைய.

அடுத்த வருஷம், 1979-இல், 'இதோஷி நோ எல்லி' வந்தது. 'அன்புக்குரிய எல்லி' என்று சொல்லலாம். உருக்கமான மெதுவான பாட்டு. அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து அமெரிக்காவின் ரே சார்ல்ஸ் அதே பாட்டை இங்கிலீஷில் பாடினார். ஜப்பான் விஸ்கி விளம்பரம் ஒன்றுக்காக. கிழக்கே இருந்து மேற்கே போன பாட்டு என்று என் ஜப்பானிய நண்பர்கள் இன்றைக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். 1990-இல் 'மனாட்சு நோ கஜிட்சு', அதாவது 'நடுக்கோடையின் கனி'. ஹாங்காங்கின் ஜாக்கி சியுங் அதைக் கான்டனீஸில் பாட, சீனம் பேசுகிற ஊர்களெல்லாம் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டன.

இவர்கள் பாட்டில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். கடல். குவாத்தா பிறந்த ஊர் சிகசாகி. டோக்கியோவுக்குத் தென்மேற்கே கடலோரம். ரயிலில் ஒரு மணி நேரம். கரையிலிருந்து பார்த்தால் தொப்பி மாதிரி ஒரு பாறை கடலுக்குள் நிற்கும். அந்தப் பாறை, அந்த மணல், கோடைகாலம், அலைச் சறுக்குப் பலகையோடு திரியும் பையன்கள், கரையில் உடைந்துபோகிற காதல், இதையெல்லாம் பாடிப் பாடியே அந்தக் கடற்கரையை ஜப்பானுக்கே சொந்த ஊர் ஆக்கிவிட்டார்கள். 2014 முதல் சிகசாகி ரயில் நிலையத்தில் வண்டி கிளம்பும்போது மணிக்குப் பதிலாக இவர்களின் 'கிபோ நோ வாடாச்சி' பாட்டின் மெட்டு ஒலிக்கிறது. 'நம்பிக்கையின் சக்கரத் தடம்' என்று பொருள். ஒரு ஊர் தன் பிள்ளைக்கு இதைவிட என்ன மரியாதை செய்துவிட முடியும்?

கடல் இல்லாமல் இவர்களுக்குப் பாட்டே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2000 ஜனவரி 26-இல் 'சுனாமி' வந்தது. ஜப்பானிய மொழியில் 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. பாட்டில் நிஜ அலை கிடையாது. காதலைச் சொல்ல வாய் வராத ஒருவன், பிரிவுக்குப் பின் தன்மேல் வந்து விழுகிற வெறுமையை அந்த அலைக்கு ஒப்பிடுகிறான். அவ்வளவுதான். கிட்டத்தட்ட 30 லட்சம் பிரதிகள் விற்றது. அந்த வருஷத்துக்கான ஜப்பான் ரெக்கார்டு விருதும் அதற்குத்தான். கல்யாண வீடு, கரோக்கே, டாக்ஸி என்று எங்கே போனாலும் அதுதான் என்பார்கள்.

அந்த நேரத்தில் அந்த வார்த்தையே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை.

நான் அப்போது புனேக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம். காலையில் டிவியில் மெரினாவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினம் பெயர் வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் போனில் அம்மா குரல் கேட்டது. "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுப்பா. ஒம் மாமாவக் காணும்."

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கருவாட்டு வியாபாரம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மீன் நல்லா வரும் என்று விடியற்காலையே சைக்கிளை மிதித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனவர். மூணாம் நாள் கிடைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

ஆறு மாசம் கழித்து, 2005 கோடையில், கம்பெனி என்னை யோகோஹாமாவுக்கு அனுப்பியது. ஜப்பானிய வாடிக்கையாளரிடம் ஆறு மாச வேலை. சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் எனக்கு அறிமுகமானது அங்கேதான். வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாரும் கரோக்கே போவோம். பகலில் வாயே திறக்காத மேனேஜர் ராத்திரி மைக்கைப் பிடித்து 'சிந்துபாத்' பாட்டுக்கு இடுப்பை ஆட்டுவார். பார்க்கக் கண் கோடி வேண்டும் :-)

ஒரு நாள் புதுசாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு மைக்கோடு எழுந்து நின்றான். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் தலைப்பு வந்தது. நான் படித்தேன். அதற்குள் மேனேஜர் பாய்ந்து ரிமோட்டை அமுக்கிவிட்டார். திரை கறுப்பானது. அந்தப் பையன் முகம் வெளுத்து, என் பக்கம் திரும்பி இடுப்பு வரை குனிந்தான். மேனேஜரும் குனிந்தார். என் ஊர் எது என்று அவருக்குத் தெரியும். உடனே வேறு ஏதோ குதியாட்டப் பாட்டு ஓடியது. எல்லாரும் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கை தட்டினார்கள்.

எனக்காகச் செய்ததுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் இன்னொன்றும் சொல்லணும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒருவேளை "பாடுங்க" என்று சொல்லியிருப்பேன். ஒருவேளை அழுதிருப்பேன். ஆறு மாசமாக அழாமல் கோட் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது தேவைப்பட்டுக்கூட இருக்கலாம். அதற்கப்புறம் அவர்கள் யாரும் என்னிடம் ஊரைப் பற்றியே பேசவில்லை. நான் வந்தால் பேச்சு கொஞ்சம் கவனமாகிவிடும். அந்தக் கவனம்தான் எனக்குத் தனிமையாக இருந்தது.

ரூமுக்கு வந்து அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். முதல் தடவை பாதியில் நிறுத்தினேன். ரெண்டாவது தடவை முழுசாகக் கேட்டேன். நல்ல பாட்டு. மாமாவுக்கு இந்த மாதிரி மெதுவான சோகப் பாட்டென்றால் உயிர். ஊருக்குத் திரும்பிய பிறகும் தனியாக இருக்கும்போது கேட்பேன். வீட்டில் மட்டும் போட்டதே இல்லை.

அடுத்து 2011 மார்ச் 11. இந்தத் தடவை கடல் வந்தது அவர்கள் ஊருக்கு. வடகிழக்கு ஜப்பானில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18,000 பேருக்கு மேல். அன்றைக்கு நான் டிவி முன்னால் உட்கார்ந்து, யோகோஹாமா நண்பர்களுக்கு மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது, எல்லாரும் பத்திரம் என்று.

அப்போது ஜப்பானில் ஒரு வார்த்தை எல்லார் வாயிலும் இருந்தது. 'ஜிஷுக்கு'. தானாகவே அடக்கிக்கொள்வது. செர்ரிப் பூ பூக்கும் காலத்தில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூடப் பலர் விட்டுவிட்டார்கள். விளம்பரங்கள் நின்றன, விழாக்கள் நின்றன. ரேடியோவிலிருந்து 'சுனாமி' பாட்டும் காணாமல் போனது. அரசாங்கம் தடை போடவில்லை. யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நிலையமும் தானாகவே போடாமல் விட்டது. குழுவும் மேடையில் பாடுவதை விட்டுவிட்டது. 2013-இல் 35-ஆம் ஆண்டுக்குத் திரும்ப வந்தபோதும் பாடவில்லை. 2018 டிசம்பர் 31 ராத்திரி, நாடே பார்க்கும் 'கோஹாகு' நிகழ்ச்சியின் கடைசியில் இவர்கள்தான். அன்றைக்கும் 'சக்கரத் தட'மும் 'சிந்துபாத்'தும்தான். அவர்களின் பாட்டுகளிலேயே அதிகம் விற்ற பாட்டு வரவில்லை.

குவாத்தா கை கட்டிக்கொண்டு சும்மா இருந்தவர் இல்லை. 2010-இல் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு மீண்டவர். 2011 செப்டம்பரில் மியாகி மாநிலத்தில் இரண்டு நாள் கச்சேரி செய்தார். அந்த அரங்கம் எது தெரியுமா? மார்ச் மாசம் பிணங்களை வரிசையாக வைத்திருந்த அரங்கம். உறவுகளைத் தேடி வந்து அடையாளம் பார்த்த அதே இடத்தில், ஆறு மாசத்தில் பாட்டு. அப்படிச் செய்வது சரியா என்று அவர்களும் யோசித்திருப்பார்கள். யோசித்துத்தான் பாடினார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த ஒரு பாட்டை மட்டும் அடக்கி வைத்தது சரியா?

சரி என்று சொல்ல நல்ல காரணம் இருக்கிறது. ரேடியோ என்பது நாம் தேடிப் போய்க் கேட்பது இல்லை. கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருப்போம், அது பாட்டுக்கு வரும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா காய்கறி வாங்கும்போது தலைக்கு மேலிருந்து அந்த வார்த்தை வந்து விழுந்தால்? 2005-இல் எங்கள் வீட்டில் அப்படி விழுந்திருந்தால் அம்மா தாங்கியிருக்க மாட்டார். அதனால் முதல் சில வருஷம் போடாமல் இருந்ததை நான் மனசார மதிக்கிறேன்.

நம் பக்கத்தைப் பார்த்தால் அது இன்னும் நன்றாகப் புரியும். அவர்கள் ஒரு காதல் பாட்டையே அடக்கி வைத்தார்கள். நாம் என்ன செய்தோம்? வார்த்தை வந்து இறங்கின கொஞ்ச நாளிலேயே அதை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டோம். தேர்தலில் ஜெயித்தால் சுனாமி, விலைவாசி ஏறினால் சுனாமி, கிரிக்கெட்டில் நாலு சிக்ஸர் அடித்தால் ரன் சுனாமி. ஊரில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த குடியிருப்புக்கே 'சுனாமி காலனி' என்று பெயர். அங்கே பிறந்த பிள்ளை ஆயுசுக்கும் விலாசத்தில் அதை எழுதணும். 'ஆழிப்பேரலை' என்று அழகான தமிழ்ச் சொல்லும் உண்டாக்கினோம், அதை அஞ்சலி போஸ்டருக்கு ஒதுக்கிவிட்டு, மிச்ச நாளெல்லாம் இதை வாயில் போட்டு மென்றோம்.

ஆகவே ஜப்பான்காரர்களின் நாசூக்கை நான் கேலி செய்யவில்லை. அதில் பாதி நம்மிடம் இருந்திருக்கலாம். ஆனால் நாசூக்குக்கும் ஒரு கணக்கு வேண்டும். எத்தனை வருஷம்? யார் முடிவு செய்வது? டோக்கியோவில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் நிலையக்காரரா? ஒரு வீட்டுக் கூரைகூடப் பறக்காத ஊர்க்காரரா?

இதற்கு எனக்குப் பதில் சொன்ன ஊர் ஒனகாவா.

மியாகி மாநிலத்தில் குட்டித் துறைமுக ஊர். நம்ம நாகப்பட்டினம் மாதிரி மீனை நம்பிப் பிழைக்கிற ஊர். 2011-இல் அங்கே இருந்தது ஏறக்குறைய 10,000 பேர். அதில் 800 பேருக்கு மேல் போனார்கள். பன்னிரண்டில் ஒருவர். கான்கிரீட் கட்டிடங்களே அடியோடு பெயர்ந்து குப்புற விழுந்தன. அப்படிக் கவிழ்ந்த ஒரு போலீஸ் சாவடியை இன்றைக்கும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் 2011 ஏப்ரலில் தாங்களே ஒரு சின்ன ரேடியோ ஆரம்பித்தார்கள். 'ஒனகாவா சாய்காய் எஃப்எம்'. சாய்காய் என்றால் பேரிடர். தண்ணீர் லாரி எங்கே வருகிறது, எந்தக் கடை திறந்தது என்பதுதான் நிகழ்ச்சி. பேசினவர்களும் அந்த ஊர் ஆட்கள்தான், வீட்டையும் உறவையும் இழந்தவர்கள். ஐந்து வருஷம் நடத்தினார்கள். பேரிடர்க் கால ரேடியோ என்பதால் ஒரு நாள் மூடத்தான் வேண்டும். 2016 மார்ச் 29-இல் மூடினார்கள்.

கடைசியாக ஒலிபரப்பிய பாட்டு எது தெரியுமா? சதர்ன் ஆல் ஸ்டார்ஸின் 'சுனாமி'.

இதைப் படித்த அன்றைக்கு ஆபீஸில் என் நாற்காலியிலிருந்து எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போய்விட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் அவர்கள் மனசு நோகக்கூடாது என்று ஐந்து வருஷம் பொத்திப் பொத்தி வைத்த பாட்டை, அவர்களே எடுத்துப் போட்டார்கள். அதுவும் கடைசிப் பாட்டாக. வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. அவர்களுக்கு இருந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்னொன்றும் செய்தார்கள். அலை வந்த வருஷம் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவர்கள், ஊருக்கு ஊர் கை நீட்டி நன்கொடை திரட்டி, ஒனகாவாவின் 21 கடலோரக் குடியிருப்புகளிலும் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலே ஒரு கல் நட்டார்கள். முதல் கல் 2013-இல், கடைசிக் கல் 2021-இல். அதற்குள் அந்தப் பிள்ளைகள் இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஜப்பானில் கல் நடுவது பழைய வழக்கம். இவாத்தே மாநிலத்தில் அனேயோஷி என்ற குக்கிராமத்தில், 1933 அலைக்குப் பிறகு வைத்த ஒரு கல் இருக்கிறது. இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று சொல்கிற கல். ஊர்க்காரர்கள் கேட்டு நடந்தார்கள். 2011-இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் தப்பின.

பேசின கல் உயிரைக் காப்பாற்றியது. பேசாமல் இருந்திருந்தால்?

சரி, புனேயில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன். அம்மா கீரையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஏதாவது சமாளிக்கலாம் என்று பார்த்தேன். மகள் முந்திக்கொண்டாள். "அப்பாயி, இந்தப் பாட்டு பேரு சுனாமி. அதுக்குத்தான் அப்பா கத்துறாங்க."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. தங்கமணி மாவுக் கையோடு வந்து நின்றார்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கீரையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார். "போடட்டும்ப்பா. பாட்டு என்ன பண்ணுச்சு? கடலு பண்ணுச்சு. அந்தக் கடலையே பாத்துக்கிட்டுத்தான நான் அங்க குடியிருக்கேன்?"

மகள் கேட்டாள், "கடலு என்ன பண்ணுச்சு அப்பாயி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. டிசம்பர் 26 என்றால் அவளுக்குக் கிறிஸ்துமஸ் லீவு. சுனாமி என்றால் பூகோளப் பாடத்தில் வரும் படம். தனக்கு ஒரு தாத்தா கருவாட்டுக் கடை வைத்திருந்தார், அவர் சைக்கிளில் துறைமுகத்துக்குப் போனார், வரவில்லை என்பதை நான் சொன்னதே இல்லை. அம்மா மனசு நோகக்கூடாது என்று வீட்டில் யாரும் மாமா பேரை எடுப்பதில்லை. ஊருக்கு வருஷத்தில் பத்து நாள் போகிறோம். அங்கேயும் அதே மௌனம். சுவரில் படம் மட்டும் இருக்கிறது. யார் இது என்று கேட்டபோது "ஒரு தாத்தா" என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

யோகோஹாமாவில் அந்த மேனேஜர் எனக்கு என்ன செய்தாரோ, அதையேதான் நான் இருபது வருஷமாக என் அம்மாவுக்குச் செய்துகொண்டிருக்கிறேன். கேட்காமலேயே ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அம்மா பேசினார். பாட்டு ஓட ஓட, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். செத்த கதை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வாழ்ந்த கதை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டது, அம்மா கல்யாணத்தில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டுப் பணம் கேட்டது, எனக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது. சைக்கிள் எனக்கே மறந்து போயிருந்தது. பாதிக் கதை நானே முதல் தடவையாகக் கேட்கிறேன். நடுவில் அழுதார். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். பஜ்ஜி ஆறிப்போனது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் அம்மா கேட்டார், "அந்தப் பாட்டுல என்னதான் சொல்றான்?" மகள் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் விளக்கினாள். அம்மா, "ஒரு பொண்ணு போனதுக்கா இவ்வளவு?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

என் கட்சி இதுதான். துக்கப்பட்டவர்கள் முன்னால் வாயை அடக்குவது மரியாதை. அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு நாம் சொந்தக்காரர்கள் இல்லை. அது அவர்களுடையது. எப்போது உடைப்பது, எந்தப் பாட்டைப் போட்டு உடைப்பது என்று அவர்கள்தான் சொல்லணும். நாம் செய்ய வேண்டியது கேட்பது. "பேசலாமா?" என்று ஒரு கேள்வி. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், அடுத்த வருஷம் திரும்பக் கேட்கலாம். கேட்காமலே வருஷக்கணக்கில் அடக்கி வைத்தால் மரியாதை மறதியாகிவிடும். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அந்த ஆபத்து ரெண்டு மடங்கு. ஊரில் இருக்கும் பிள்ளைக்கு நினைவுத் தூணாவது கண்ணில் படும், டிசம்பர் 26-இல் கடலில் பால் ஊற்றுவதையாவது பார்க்கும். நம் பிள்ளைகளுக்கு நாம் சொன்னால்தான் உண்டு.

குவாத்தா அந்தப் பாட்டைத் திரும்ப மேடையில் பாட வேண்டுமா? அதை நான் சொல்லக்கூடாது, ஒனகாவாக்காரர்கள் சொல்லட்டும். ஆனால் ஒரு நாள் பாடினால், புனேயில் ஒரு நாகப்பட்டினத்துக் குடும்பம் உட்கார்ந்து கேட்கும். அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைப்பேன். இந்தத் தடவை முதலில் கேட்டுவிட்டு :-)

உங்கள் வீட்டிலும் யாரும் பேர் எடுக்காத ஒரு மாமாவோ சித்தியோ இருப்பார்கள். எந்தக் கடல், எந்தத் தீ, எந்தக் கலவரம் என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் பெயர் தெரியுமா?